மரபணுக் கோளாறு எல்லாம் பரம்பரை நோயா? டாக்டர் ஜேனட் ரவ்லியின் ஆய்வு தரும் விளக்கம்



"புற்றுநோய் என்பது மரபணுவில் ஏற்படும் கோளாறு" என்று தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் சொல்லிவிட்டால் போதும். "அப்படியானால் பிள்ளைகளுக்கும் வருமா?" என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். மரபு என்ற சொல்லே வழிவழியாக வருவதைக் குறிப்பதால் இப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த நினைப்பால் நம் குடும்பங்களில் விளையும் தொல்லை கொஞ்சமல்ல. தந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்பதை உற்றார் உறவினரிடம் மறைக்கிறார்கள். மகளுக்கு வரன் அமையும்வரை சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார்கள். "உங்கள் வம்சத்து நோய்" என்று புகுந்த வீட்டில் குத்திக் காட்டுகிறார்கள். நோயின் வேதனை ஒரு பக்கம் இருக்க, அதை மறைக்கும் வேதனை இன்னொரு பக்கம்.

மரபணுக் கோளாறு வேறு, பரம்பரை நோய் வேறு. இரண்டும் சில சமயம் சேர்ந்து வரலாம். பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பெண் மருத்துவரின் ஆய்வு வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் டாக்டர் ஜேனட் ரவ்லி. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, பேராசிரியராக உயர்ந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். நான் மருத்துவரில்லை. கற்றவர்கள் கண்டுபிடித்ததை எளிய தமிழில் எடுத்துச் சொல்வதே என் வேலை.

இடமில்லை என்று சொல்லப்பட்ட மாணவி

ஜேனட் ரவ்லி 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள். 15 வயதிலேயே உபகாரச் சம்பளம் பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிறப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்தார். பின்னர் அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, தகுதி இருந்தும் இடம் உடனே கிடைக்கவில்லை. 65 மாணவர்கள் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடங்கள். அந்த மூன்றும் நிரம்பிவிட்டன. அதனால் அவர் ஒன்பது மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1948இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்கு மறுநாளே, தம்மைப் போலவே மருத்துவரான டொனால்ட் ரவ்லியை மணந்தார். நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தனர். பிள்ளைகள் வளரும்வரை முழுநேர வேலை வேண்டாம் என்று முடிவு செய்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பகுதிநேரமாகவே பணியாற்றினார். சிகாகோவில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கிளினிக் ஒன்றில் வாரத்தில் சில நாள் வேலை. அங்குதான் டௌன் சிண்ட்ரோம் எனப்படும் குறைபாடுள்ள குழந்தைகளை அவர் கவனித்து வந்தார்.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பதே 1956இல்தான் உறுதியாகத் தெரிந்தது. அதைச் சரியாக எண்ணிச் சொன்ன இருவரில் ஒருவரான ஜோ ஹின் ஜியோ, நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவாவில் பிறந்தவர். மூன்றாண்டுகள் கழித்து, 1959இல், டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருக்கின்றன என்று பிரான்சில் கண்டறிந்தனர். தாம் அன்றாடம் பார்த்து வந்த குழந்தைகளின் நிலைக்குக் காரணம் நுண்பெருக்காடியில் தெரிகிறது என்ற அந்தச் செய்தி டாக்டர் ரவ்லியைக் குரோமோசோம் ஆய்வின் பக்கம் திருப்பியது.

1961இல் கணவருக்கு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் ஓராண்டு ஆய்வு வாய்ப்பு கிடைத்தது. உடன் சென்ற இவரும் அங்கே குரோமோசோம்களை ஆராயும் முறையைக் கற்றுக்கொண்டார். சிகாகோ திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் இரத்த நோய்த் துறையைச் சேர்ந்த டாக்டர் லியோன் ஜேகப்சனைச் சந்தித்து, பகுதிநேரமாக ஆய்வு செய்ய இடம் கேட்டார். அவர் கேட்டவை ஒரு நுண்பெருக்காடி, படம் கழுவ ஓர் இருட்டறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுக்கும் அளவு சம்பளம். இரத்தப் புற்றுநோயாளிகளின் உயிரணுக்களை ஆராயும் வேலை அவருக்குத் தரப்பட்டது.

குட்டையான குரோமோசோம்

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், நாள்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அதற்கு அந்த நகரின் பெயரே நிலைத்தது. பிலடெல்பியா குரோமோசோம் என்றார்கள். ஒரு புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றம் தொடர்ந்து சேர்ந்திருப்பதை உலகம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

ஆனால் அதன் பொருள் விளங்கவில்லை. ஒரு துண்டு உடைந்து தொலைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயினால் வந்த விளைவா என்பதும் தெரியவில்லை.

பத்தாண்டுகள் கடந்தன. 1970ஐ ஒட்டிச் சிறப்புச் சாயங்களைக் கொண்டு குரோமோசோம்களில் பட்டை பட்டையாகக் கோடுகளைத் தெரியவைக்கும் முறை வந்தது. கைத்தறிச் சேலையின் கரையைப் பார்த்து அது எந்த ஊர்ச் சேலை என்று சொல்வதுபோல, கோடுகளைப் பார்த்து இது 9ஆம் குரோமோசோம், இது 22ஆம் குரோமோசோம் என்று அடையாளம் சொல்ல முடிந்தது. இரண்டாம் முறை ஆக்ஸ்ஃபர்ட் சென்றபோது இந்த முறையைக் கற்று வந்த டாக்டர் ரவ்லி, நோயாளிகளின் குரோமோசோம்களைப் படம் எடுத்தார். படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரியால் ஒவ்வொரு குரோமோசோமையும் வெட்டி எடுத்துச் சோடி சேர்த்தார். காகிதப் பொம்மை வெட்டி விளையாடுவதற்கு அம்மாவுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

1972இல் அந்த மேசையில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, கடுமையான மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் உள்ள சிலரிடம் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டிருந்தன. இரண்டாவது, பிலடெல்பியா குரோமோசோம் பற்றியது. 22ஆம் குரோமோசோமில் காணாமல் போனதாகக் கருதப்பட்ட துண்டு, 9ஆம் குரோமோசோமின் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். இரண்டு இரயில்கள் நிற்கின்றன. ஒன்றில் சில பெட்டிகள் குறைகின்றன. பெட்டிகள் தொலைந்துவிட்டன என்று எல்லாரும் தேடுகிறார்கள். ஒருவர் மட்டும் அடுத்த தண்டவாளத்தில் நிற்கும் இரயிலையும் எண்ணிப் பார்க்கிறார். அதில் சில பெட்டிகள் கூடுதலாக இருக்கின்றன. டாக்டர் ரவ்லி செய்தது இதுதான். இடம் மாறிய துண்டுகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1973 ஜூன் மாதம் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 48. அதுவரை பகுதிநேர ஆய்வாளர்தான்.

தொடக்கத்தில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரோமோசோம் குழப்பம் புற்றுநோயின் விளைவே என்பது அன்றைய பரவலான கருத்து. ஆனால் அவர் விடவில்லை. 1977இல், புரோமைலோசைட்டிக் எனப்படும் மற்றொரு வகை இரத்தப் புற்றுநோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதையும் அவரது குழுவினர் காட்டினர். ஒவ்வொரு வகை நோய்க்கும் ஒவ்வொரு வகையான இடமாற்றம் என்று தெரிந்ததும், இது தற்செயல் அல்ல என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது.

ஒரே ஒரு குருத்தணுவில் நேரும் விபத்து

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது மரபணுக் கோளாறுதான். அது பிள்ளைகளுக்குப் போகுமா?

போகாது. காரணத்தைப் பார்ப்போம்.

நம் இரத்தம் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. அங்கே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் இருக்கின்றன. வாழைக்கட்டையிலிருந்து புதிய கன்றுகள் வந்துகொண்டே இருப்பதுபோல, இந்தக் குருத்தணுக்களிலிருந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவை நாள்தோறும் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. பல கோடி முறை உயிரணுக்கள் பிரியும்போது, எங்கோ ஒரு குருத்தணுவில் ஒருமுறை இந்த இடமாற்றம் நேர்ந்துவிடுகிறது. அந்த ஒன்றின் வழித்தோன்றல்களே பெருகி நோயாகின்றன.

இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்ததும் ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்று சோதிப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அந்துருண்டை பக்கத்தில் வைக்காதீர்கள் என்று தாதியர் எச்சரிப்பது அதற்காகத்தான். இந்த ஜி6பிடி என்ற நொதியில் இரண்டு வகை உண்டு. சில பெண்களின் உடலில் இரண்டு வகையும் கலந்திருக்கும். ஓர் உயிரணுவில் ஒரு வகை, அடுத்த உயிரணுவில் மற்ற வகை என்று இருக்கும். 1967இல் அமெரிக்காவில் பிலிப் ஃபியால்கோவும் அவருடைய சகாக்களும், நாள்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் கண்ட அத்தகைய பெண்களைச் சோதித்தனர். அவர்களுடைய தோலில் இரண்டு வகையும் இருந்தன. நோயுற்ற இரத்த அணுக்களிலோ ஒரே வகைதான் இருந்தது. அத்தனையும் ஒரே ஒரு உயிரணுவிலிருந்து வந்தவை என்பது இதனால் விளங்கியது. சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் ஒரே வகையாக இருந்ததால், தொடக்கம் இரண்டுக்கும் மூலமான குருத்தணுவில்தான் என்பதும் புலப்பட்டது.

பிள்ளைகளுக்குப் போவது தந்தையின் விந்தணுவிலும் தாயின் கருமுட்டையிலும் உள்ள மரபணுக்கள் மட்டுமே. மஜ்ஜையில் நேர்ந்த விபத்து அங்கே எட்டுவதில்லை. இன்னொரு சான்றும் உண்டு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தபோது, மற்றவரின் இரத்தத்தில் பிலடெல்பியா குரோமோசோம் காணப்படவில்லை. பிறவியிலேயே வந்த கோளாறாக இருந்தால் இருவரிடமும் இருந்திருக்க வேண்டுமல்லவா?

அப்படியானால் எதனால் வருகிறது? மிக அதிகமான கதிரியக்கம் ஒரு காரணம் என்பது ஜப்பானில் அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியவர்களிடம் தெரிந்தது. மற்றபடி பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்ன காரணம் என்று சுட்டிக்காட்ட எதுவும் இருப்பதில்லை. யார் செய்த பாவமும் அல்ல, எந்த வம்சத்தின் குறையும் அல்ல.

எது பரம்பரையாக வரும்?

பரம்பரையாக வரும் புற்றுநோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது தவறான செய்தியாகிவிடும்.

1998இல் அமெரிக்காவின் உயரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருதை டாக்டர் ரவ்லி இரண்டு பேருடன் பகிர்ந்துகொண்டார். ஒருவர் பிலடெல்பியா குரோமோசோமைக் கண்ட பீட்டர் நோவெல். மற்றவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்த நட்சன், 1971இல் 48 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் அந்த நோய் வருகிறது. சில குழந்தைகள் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கின்றன. அவர்களுக்கு இன்னொரு பழுது நேர்ந்தாலே போதும், நோய் வந்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு பழுதும் பிறந்த பிறகு நேர வேண்டும்.

இதைப்போலவே மார்பகப் புற்றுநோயிலும் சூல்பைப் புற்றுநோயிலும் பிஆர்சிஏ எனப்படும் இரண்டு மரபணுக்களின் பழுது பெற்றோரிடமிருந்து வரலாம். அது உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிப் பரம்பரையாக வருபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் என்று கணக்கிடப்படுகிறது.

ஆகவே ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இந்த மாற்றம் பிறவியிலேயே வந்ததா, இடையில் ஏற்பட்டதா?" என்று கேளுங்கள். இடையில் ஏற்பட்டது என்றால் பிள்ளைகளைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். பிறவியிலேயே வந்தது என்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஆலோசனை பெற்று, தேவையான சோதனைகளை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். இரண்டில் எதுவானாலும் மறைப்பதால் ஆதாயம் யாருக்கும் இல்லை.

மாத்திரை வந்த கதை

டாக்டர் ரவ்லியின் கண்டுபிடிப்பு மற்ற ஆய்வாளர்களுக்கு வழி காட்டியது. எந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்ததால், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேட முடிந்தது. 1980களில் விடை கிடைத்தது. 9ஆம் குரோமோசோமிலுள்ள ஏபிஎல் என்ற மரபணுவும் 22ஆம் குரோமோசோமிலுள்ள பிசிஆர் என்ற மரபணுவும் ஒட்டிப்போய், இயற்கையில் இல்லாத ஒரு புதுப் புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதம், மூட முடியாமல் பழுதான தண்ணீர்க் குழாயைப் போன்றது. "பெருகு, பெருகு" என்ற கட்டளையை ஓயாமல் தந்துகொண்டே இருக்கும்.

குழாயை மூடினால் நோய் அடங்க வேண்டும் அல்லவா? டாக்டர் பிரையன் டிரக்கரும், மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய நிக்கலஸ் லைடனும் அவர்களுடைய சகாக்களும் அப்படிப்பட்ட மருந்தை உருவாக்கினார்கள். இமாட்டினிப் என்பது அதன் பெயர். கிளிவெக் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிவார்கள். 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். போதிய அளவு மாத்திரை உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. டாக்டர் ரவ்லி சாப்பாட்டு மேசையில் படங்களை வெட்டியதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 29 ஆண்டுகள்.

முன்பு இந்த நோய் கண்டவர்களில் பலர் ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. 2017இல் வெளியான பத்தாண்டுத் தொடர் ஆய்வில், இந்த மாத்திரையுடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு கழிந்த பின்னும் உயிருடன் இருந்தனர். 15ஆம், 17ஆம் குரோமோசோம் மாற்றத்தால் வரும் நோய்க்கும் மருந்து வந்தது. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்து அந்த நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று 1988இல் சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள் அறிவித்தனர். முன்பு சில நாள்களில் உயிரைப் பறித்த அந்த நோயிலிருந்து, உரிய நேரத்தில் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் இன்று குணமடைகிறார்கள்.

மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, வாங்கவும் முடிய வேண்டுமே. இமாட்டினிப் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தையும் கண்டு, இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகும் மருந்தை, அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு இந்திய நிறுவனங்கள் தொடர்ந்து தயாரிக்க அந்தத் தீர்ப்பு வழிவிட்டது.

மாத்திரை உட்கொள்வோர் கவனிக்க வேண்டியவை

இமாட்டினிப் நோயுற்ற அணுக்களின் பெருக்கத்தை அடக்குகிறது. ஆனால் மூலமான நோயுற்ற குருத்தணுக்கள் சில மஜ்ஜையில் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் உடம்பு தேறியவுடன் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. பல ஆண்டுகள் நோய் நன்றாக அடங்கியிருந்த சிலருக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது. அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து வந்ததால் உடனே கண்டுபிடித்து மீண்டும் மாத்திரை கொடுக்க முடிந்தது.

திருமணமான, அல்லது திருமணம் ஆகவிருக்கும் பெண்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த நோய் குழந்தைக்கு வராது. ஆனால் இந்த மருந்து கருவைப் பாதிக்கலாம். ஆகவே குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும். நோயை மறைத்துத் திருமணம் செய்துகொண்டு மாத்திரையையும் ஒளித்து உட்கொள்ளும் பெண் இதை யாரிடம் பேசுவார்? மறைப்பதால் வரும் உண்மையான ஆபத்து இதுதான்.

மாத்திரைக்குக் கட்டுப்படாத சிலருக்கு எலும்பு மஜ்ஜைக் குருத்தணு மாற்று சிகிச்சை தேவைப்படலாம். நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ஆரோக்கியமான குருத்தணுக்களைச் செலுத்துவார்கள். இந்தச் சிகிச்சையை வளர்த்த டாக்டர் டொனால் தாமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். இதற்குப் பொருத்தமான கொடையாளரை முதலில் எங்கே தேடுவார்கள் தெரியுமா? உடன்பிறந்தவர்களிடம்தான். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவரும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயைக் குடும்பத்தாரிடமே மறைத்துவிட்டால், இந்த உதவிக்கு யாரைக் கூப்பிடுவது?

குருத்தணு ஆய்வுக்காகக் குரல் கொடுத்தவர்

டாக்டர் ரவ்லியின் பணி ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மனிதக் கருவிலிருந்து எடுக்கப்படும் குருத்தணுக்களைப் பற்றிய ஆய்வுக்கு அரசாங்கப் பணத்தைக் கட்டுப்படுத்தினார். அதுவரை உருவாக்கப்பட்டிருந்த குருத்தணு வரிசைகளுக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்றார். இத்தகைய பிரச்சினைகளில் ஆலோசனை கூற அமைக்கப்பட்ட அதிபரின் உயிரியல் நெறிமுறைக் குழுவில் டாக்டர் ரவ்லியும் உறுப்பினரானார். அங்கே அமர்ந்துகொண்டே அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து வாதாடினார். 2004இல், அதே குழுவில் இருந்த எலிசபெத் பிளாக்பர்னுடன் சேர்ந்து, குழுவின் அறிக்கைகள் அறிவியலைச் சரியாக எடுத்துரைக்கவில்லை என்று கட்டுரை எழுதினார். 2009 மார்ச் 9ஆம் நாள் அதிபர் பராக் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதே ஆண்டில் டாக்டர் ரவ்லிக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தையும் வழங்கினார்.

இந்த ஆய்வில் நம் வட்டாரத்துக்கும் இடம் உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய, இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஆரிஃப் போங்சோவின் குழு, 1994இலேயே மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து அறிவித்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குருத்தணு ஆய்வுக்காகப் பாடுபட்ட அதே அறிவியலாளர்கள்தான், ஒவ்வொரு சிகிச்சையையும் பல ஆண்டுகள் சோதித்த பிறகே நோயாளிக்குத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். இன்று முட்டிவலி முதல் நீரிழிவு வரை எல்லாவற்றுக்கும் "ஸ்டெம் செல் ஊசி" என்று விளம்பரங்கள் வருகின்றன. இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்று சிகிச்சை பல்லாண்டுச் சோதனையில் தேறியது. அதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் எல்லாமே அப்படித் தேறியவை அல்ல. பணத்தைக் கட்டுவதற்கு முன், இது சுகாதார அமைச்சு அனுமதித்த சிகிச்சையா என்று அரசாங்க மருத்துவமனை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம்

நாள்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் அரிய நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வருகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது. காரணமில்லாத களைப்பு, உடல் எடை குறைதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், மண்ணீரல் வீங்குவதால் இடப்பக்க வயிற்றில் நிறைந்த உணர்வு, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல் ஆகியவை சில அறிகுறிகள். வேறு எதற்காகவோ செய்த முழு இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் அதிகமாக இருப்பது தெரிந்து கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. சந்தேகம் எழுந்தால் பிலடெல்பியா குரோமோசோம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். 1973இல் டாக்டர் ரவ்லி எழுதிய அந்த 9, 22 என்ற எண்கள் இன்று நம் மருத்துவமனைகளில் தரும் அறிக்கையிலும் இடம்பெறும்.

2012இல் டாக்டர் ரவ்லி, டிரக்கர், லைடன் ஆகிய மூவருக்கும் ஜப்பான் பரிசு வழங்கப்பட்டது. வயதான பிறகும் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் சென்று வந்த டாக்டர் ரவ்லி, சூல்பைப் புற்றுநோய் தந்த சிக்கல்களால் 2013 டிசம்பர் 17ஆம் நாள் தம் 88ஆம் வயதில் காலமானார்.

உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் என்று தெரியவந்தால், அந்த அறிக்கையை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். உடன்பிறந்தவர்களை அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கு ஏற்ப விளக்குங்கள். சம்பந்தம் பேச வருபவர்கள் கேட்டால், இது வழிவழியாக வரும் நோயல்ல, எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் இடையில் ஏற்பட்ட மாற்றம், மருந்து இருக்கிறது என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அவர்கள் நம்பத் தயங்கினால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.